நாம் பேசியது யாருடைய சொத்து?

இணையக் குழுமங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அங்கே பல ஆண்டுகள் நடந்த உரையாடல்களைக் காப்பாற்ற வேண்டியது யார்? எப்படி?

2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. யாகூ குழுமங்களில் அந்த மாதம் 28-ஆம் தேதிக்குப் பிறகு புதிதாக எதையும் ஏற்ற முடியாது. டிசம்பர் 14-ஆம் தேதி பழைய மடல்கள், கோப்புகள், படங்கள் எல்லாம் நீக்கப்படும் என்றது அந்த அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் கெடு 2020 ஜனவரி 31 வரை நீண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி சேவையே நின்றுபோனது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேர்ந்த பேச்சை எடுத்துக்கொண்டு வெளியேற, உறுப்பினர்களுக்குக் கிடைத்தது சில மாதங்கள் மட்டுமே.

அந்தக் குழுமங்களில் இருந்தவர்கள் யார்? அரிய நோயோடு வாழ்ந்தவர்கள் மருந்தின் பக்கவிளைவுகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். குடும்ப மரபைத் தேடியவர்கள் பழைய ஆவணங்களைப் பகிர்ந்தார்கள். உற்பத்தி நின்றுபோன கருவிகளைப் பழுதுபார்ப்பவர்கள், வேறெங்கும் கிடைக்காத குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். தமிழில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்றவை யாகூ குழுமங்களாக இயங்கின. சிறுகதை விமர்சனம், யாப்பு ஐயம், பழம்பாடலுக்குப் பொருள், அரசியல் சண்டை என்று எல்லாமே மடல்களாகக் குவிந்தன. பிற்காலத்தில் நூல்கள் எழுதிப் பெயர் பெற்ற பலர் எழுத்துப் பழகிய இடங்கள் அவை.

யாகூவோடு முடிந்த கதையில்லை இது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. இந்தியாவிலும் பிரேசிலிலும் ஒரு தலைமுறையே அதில்தான் இணைய நட்பைக் கற்றது. திரைப்படத் தகவல் தளமான ஐ.எம்.டி.பி. தன் விவாதப் பலகைகளை 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி மூடியது. இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமான அவகாசமே தந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும், யாகூ ஆன்சர்ஸ் 2021 மே மாதமும் போயின. மூடிய காரணங்கள் பலவகை. பயன்படுத்துவோர் குறைந்தார்கள், பராமரிப்புச் செலவு கூடியது, நிறுவனம் கைமாறியது. ஆனால் ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் பொது. முடிவெடுத்த அறையில், அங்கே பேசியவர்கள் யாரும் இல்லை.

நாடாவில் தங்கிய பத்தாண்டு

உரையாடலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, கனடாவில் ஒரு விலங்கியல் துறை பதில் வைத்திருக்கிறது.

யூஸ்நெட் என்பது இணையம் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய காலத்து உரையாடல் வலை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-ல் அதைத் திட்டமிட்டார்கள். 1980-ல் அது இயங்கத் தொடங்கியது. ஒரு கணினி இன்னொரு கணினியைத் தொலைபேசி வழியே அழைத்து, புதிதாக வந்த மடல்களை வாங்கிக்கொள்ளும். அது மற்றொன்றுக்குக் கடத்தும். இதற்கு மையமும் இல்லை, உரிமையாளரும் இல்லை. வட்டில் இடம் பொன்னாக இருந்த காலம் அது. ஒவ்வொரு நிலையமும் சில நாள்களோ சில வாரங்களோ கழித்துப் பழைய மடல்களை அழித்துவிடும். பேச்சு என்பது வந்துபோகும் ஒன்று என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினிகளைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர் அப்படி எண்ணவில்லை. 1981-லிருந்து, தங்கள் கணினிக்கு வந்த யூஸ்நெட் மடல்களை அழிக்காமல் காந்த நாடாக்களில் எழுதி வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. 1991 வரை பத்தாண்டுகள் இப்படியே சேர்ந்தன. மொத்தம் 141 நாடாக்கள், சுமார் 20 லட்சம் மடல்கள்.

சேர்ப்பது பாதி வேலைதான். அந்த நாடாக்களைப் படிக்கும் பொறிகள் வழக்கொழிந்துகொண்டிருந்தன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் வைஸ்மன் அந்த நாடாக்களை வண்டியில் ஏற்றி, கனடாவிலேயே உள்ள லண்டன் நகருக்குக் கொண்டுபோனார். டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அங்கே ஓய்வு நேரங்களில் ஒவ்வொரு நாடாவாகச் சுழற்றி, உள்ளே இருந்ததை வட்டுக்கு மாற்றினார்கள். பல ஆண்டுகள் நீண்ட பொறுமையான வேலை அது. 1995 முதல் வந்த மடல்களை டெஜா நியூஸ் என்ற நிறுவனம் சேர்த்து வந்தது. 2001 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களும் இன்னும் சிலரின் சேகரிப்புகளும் அதோடு சேர, அதே ஆண்டு டிசம்பரில் இருபது ஆண்டு யூஸ்நெட் பேச்சு, 70 கோடி மடல்கள், தேடிப் படிக்கும் வடிவில் வெளிவந்தது.

அதனால் நமக்குக் கிடைத்தது என்ன? 1991 ஆகஸ்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை என்ற தன் திட்டத்தை யூஸ்நெட்டில் அறிமுகப்படுத்தினார். அதே மாதம் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் செய்துகொண்டிருப்பதாகவும் அதில் என்ன வசதிகள் வேண்டும் என்று சொல்லுங்கள் என்றும் எழுதினார். அதுதான் லினக்ஸ். இன்று உலகத்தைச் சுமக்கும் இரண்டு கண்டுபிடிப்புகள் முதன்முதலில் பொதுவெளிக்கு வந்ததை, அந்த நாளின் சொற்களிலேயே படிக்க முடிகிறது. கீழே மற்றவர்கள் எழுதிய மறுமொழிகளும் இருக்கின்றன. பெரிய மனிதர்கள் பின்னாளில் எழுதும் நினைவுக் குறிப்புகளில் அந்த நேரத்துத் தயக்கமும் அடக்கமும் அப்படியே கிடைக்காது.

தொலைந்து கிடைத்த கதையும் உண்டு. முகக்குறி என்று நாம் இன்று தினமும் தட்டும் சிரிப்புக் குறியை, 1982 செப்டம்பர் 19-ஆம் தேதி கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஸ்காட் ஃபால்மன் முன்மொழிந்தார். அந்த மடல் இருபது ஆண்டுகள் யார் கையிலும் இல்லை. 2002-ல் பழைய காப்பு நாடாக்களைத் தோண்டித்தான் அதை மீட்டார்கள். கூடவே, அந்த யோசனைக்கு இட்டுச்சென்ற முழு உரையாடலும் கிடைத்தது. நகைச்சுவையை நகைச்சுவை என்று எப்படிக் காட்டுவது என்று பலர் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள். தனி ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொல்லப்பட்டது, ஒரு கூட்டத்தின் பேச்சிலிருந்து பிறந்தது என்று தெரிந்தது.

படைப்பு தப்பும், பேச்சு தப்பாது

ஒரு குழுமம் மூடப்படும்போது நல்ல கதைகளையும் கட்டுரைகளையும் யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள். எழுதியவரிடமும் ஒரு படி இருக்கும். ஆனால் அந்தக் கதைக்குக் கீழே வந்த இருபது மறுமொழிகள், நடுவில் ஒருவர் சுட்டிக்காட்டிய பிழை, எழுதியவர் சொன்ன பதில், அந்தப் பதிலை ஏற்காத மூன்றாமவர், இவை யார் கையிலும் இல்லை. இவற்றின் உரிமையாளர் தனி ஒருவர் இல்லை என்பதால், இழப்பையும் தனி ஒருவர் உணர்வதில்லை.

தமிழுக்கு வாதத்தைக் காப்பதன் அருமை புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் உரை சொல்கிறார். சேனாவரையர் அதைப் பல இடங்களில் மறுக்கிறார். இரண்டு உரைகளும் படியெடுக்கப்பட்டுக் கைமாறி வந்ததால்தான், நூற்பாவோடு கூட அதைப் பற்றி நம் முன்னோர் எப்படி வாதிட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிகிறது. முடிந்த முடிபு மட்டும் மிஞ்சியிருந்தால் நம் இலக்கணக் கல்வி எவ்வளவு வறண்டிருக்கும்!

கணினித் தமிழின் வரலாறே இதற்குச் சான்று. 1990-களின் இறுதியில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் குப்பையாகத் தெரிந்தது. அதைத் தீர்க்கப் பிறந்த டிஸ்கி என்ற தகுதரம், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி உருவாக்கியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் மடல் வழியே கூடி, நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்பு பார்த்து வளர்த்தது. அந்தத் தகுதரங்களும் மின்னூல்களும் இருக்கின்றன. அவற்றை உருவாக்கிய வாதங்கள் பெரும்பாலும் தனியாள்களின் பழைய கணினிகளில்தான் கிடக்கின்றன. நாளை கணினித் தமிழின் வரலாற்றை எழுத வருகிறவர் எதை வைத்து எழுதுவார்?

தமிழ்க் குழுமங்களுக்கு இன்னொரு கூடுதல் ஆபத்தும் உண்டு. 2000-களின் தொடக்கம் வரை எழுதப்பட்ட மடல்கள் பல, டிஸ்கியிலோ வேறு எழுத்துரு முறையிலோ இருப்பவை. கோப்பு பத்திரமாக இருந்தாலும், திறந்தால் புரியாத குறிகளே தெரியும். எந்தக் குறியீடு என்று தெரிந்தால் மாற்றிகள் கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம். தெரியாமல் தவறாக மாற்றிச் சேமித்துவிட்டால், மூலத்தை மீட்பது மிகக் கடினம். பழைய மடல் கோப்பு வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பைத் தொடாமல், படியெடுத்து, படியில்தான் மாற்ற வேண்டும்.

கெடு நாளுக்கு முன் ஓடியவர்கள்

நிறுவனங்கள் கைவிட்ட இடங்களுக்குள் தன்னார்வலர்கள் ஓடியிருக்கிறார்கள். 1994-ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், பொதுமக்கள் இலவசமாக வலைப்பக்கம் கட்டிக்கொண்ட ஊர். 1999-ல் 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து யாகூ அதை வாங்கியது. பத்தே ஆண்டில், 2009 அக்டோபர் 26-ஆம் தேதி, மூடியது. அந்த ஆண்டுதான் ஜேசன் ஸ்காட் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கினார். குழுவினர் தங்கள் வீட்டுக் கணினிகளை வைத்தே ஜியோசிட்டீஸ் பக்கங்களை அள்ளினார்கள். மறு ஆண்டு, 600 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தொகுப்பாக அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள வெளியிட்டார்கள்.

யாகூ குழுமங்கள் சாகும்போதும் அவர்கள் வந்தார்கள். கூடவே ரசிகர் புனைகதைக் குழுமங்களின் உறுப்பினர்கள் பலர் சேர்ந்தார்கள். பொதுக் குழுமங்களை யாரும் படிக்கலாம். உறுப்பினர்களுக்கு மட்டுமான குழுமங்களுக்குள் நுழைய ஒவ்வொன்றிலும் உறுப்பினராக வேண்டும். ஆகவே கணக்குகள் தொடங்கி, ஒவ்வொரு குழுமத்தின் கதவையும் தட்டி, நிர்வாகிகளின் சம்மதம் கேட்டு உள்ளே போனார்கள். கெடு நெருங்கிய நேரத்தில் அந்தக் கணக்குகளில் பலவற்றை, அப்போது யாகூவின் உரிமையாளராக இருந்த வெரைசன் முடக்கியது. இருந்தும் பெரும் தொகை காப்பாற்றப்பட்டது. நிர்வாகி யார் என்றே தெரியாமல், சம்மதம் சொல்ல ஆளில்லாமல் கிடந்த குழுமங்கள் போயேவிட்டன.

ஐ.எம்.டி.பி. பலகைகளின் உரையாடல்களைப் பார்வையாளர்களே பிரதியெடுத்து வேறொரு தளத்தில் வைத்தார்கள். பல படங்களைப் பற்றிய பழைய பேச்சை இன்றும் அங்கே படிக்கலாம். பேச்சு அங்கே தொடரவும் செய்கிறது. காப்பகம் என்பது முடிந்துபோனதைப் பூட்டி வைக்கும் இடம் மட்டுமில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பெரிய நிறுவனத்திடம் இருக்கிறதே, பத்திரமாக இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய இசைக் கோப்புகளை, வழங்கி மாற்றும்போது இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019-ல் ஒப்புக்கொண்டது. யூஸ்நெட் ஆவணத்தைத் தன் கையில் எடுத்த கூகுள், 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. பழையவை இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்வரை இருக்கும் என்பதற்கு மேல் எந்த உறுதியும் யாரும் தரவில்லை.

பேசியவரின் சம்மதம்

எல்லாவற்றையும் அள்ளி வைத்துவிட்டால் போதுமா? போதாது. இது சேமிப்பைவிடக் கடினமான கேள்வி.

ஐம்பது பேர் படிக்கிறார்கள் என்று நம்பி ஒருவர் தன் நோயைப் பற்றி எழுதியிருப்பார். பதினெட்டு வயதில் ஒருவர் கோபத்தில் ஒன்றைச் சொல்லியிருப்பார். நாற்பது வயதில் அவர் வேறு மனிதர். 1995-ல் டெஜா நியூஸ் யூஸ்நெட் பேச்சைத் தேடிப் படிக்க வழி செய்தபோதே இந்தக் கவலை வெடித்தது. விளைவாக, மடலின் தலைப்பகுதியில் ‘ஆவணப்படுத்த வேண்டாம்’ என்று ஒரு குறி இடும் வழக்கம் வந்தது. அந்தக் குறி இருந்த மடல்களை அந்நிறுவனம் சேமிக்காமல் விட்டது. முப்பது ஆண்டுக்கு முன்பே, மிக எளிய வழியில், பேசியவரின் விருப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்பென்சரின் நாடாத் தொகுப்பும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது இணையக் காப்பகத்தில் பொதுப் பார்வைக்கு இருந்த அந்தத் தொகுப்பு, சில மடல்களை நீக்கச் சொல்லித் தொடர்ந்து வந்த சட்டக் கோரிக்கைகளின் பிறகு 2020-ல் அங்கிருந்து அகற்றப்பட்டது. சில மடல்கள் குறித்த சிக்கலில் பத்தாண்டுத் தொகுப்பு முழுதும் கண்ணிலிருந்து மறைந்தது. தனி மடலை மறைக்கும் நடைமுறை தொடக்கத்திலேயே வகுக்கப்படாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. நாம் எழுதிய மடலின் பதிப்புரிமை பொதுவாக நம்முடையது. இந்தியச் சட்டப்படி அது எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் தொடரும். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலை நீக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கு அதில் விலக்கும் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு வழி தெரியும். பொதுவில் பேசியதைப் பொதுவில் காக்கலாம். தனிமடலைத் தொடக்கூடாது. நீக்கச் சொல்லி எழுதியவரே கேட்டால் மரியாதையோடு நீக்க வேண்டும். புனைபெயரில் எழுதியவரின் உண்மைப் பெயரை, தெரிந்தாலும், வெளியிடக்கூடாது.

மறைந்தவர்களின் எழுத்து தனிக் கவனம் கேட்பது. குழுமத்தில் பல ஆண்டுகள் எழுதியவர் ஒருநாள் எழுதுவதை நிறுத்துகிறார். பிறகு செய்தி வருகிறது. அவர் பேரப்பிள்ளைகளுக்கு, அவர் எப்படி வாதிட்டார், எதற்குச் சிரித்தார், யாருக்கு இரவில் உட்கார்ந்து பதில் எழுதினார் என்று தெரிய வேறு இடம் இல்லை. அவர்களுக்காகவாவது அந்தப் பக்கங்கள் இருக்க வேண்டும்.

குழுமம் மூடும் முன் செய்ய வேண்டியவை

*அறிவிப்பு:* மூடப்போகிறோம் என்ற முடிவை உறுப்பினர்களுக்கு ஆறு மாதம் முன்பாவது சொல்லுங்கள். தங்கள் பதிவை நீக்க விரும்புவோருக்கு அவகாசம் கொடுங்கள். மறுப்புத் தெரிவிக்காதவை காக்கப்படும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

*தரவுத்தளம்:* முழுப் பிரதி ஒன்றைப் பொறுப்பாளர்கள் இருவராவது வைத்திருங்கள். அதில் தனிமடல்கள், மின்னஞ்சல் முகவரிகள், கடவுச்சொற்கள், இணைய முகவரி எண்கள் இருக்கும். பொதுக் காப்பகத்துக்குப் போகும் படியில் இவை ஒன்றும் இருக்கக்கூடாது.

*நிலைப்பக்கங்கள்:* உரையாடல்களை மென்பொருளை நம்பாத எளிய வலைப்பக்கங்களாக மாற்றுங்கள். தேதி, எழுதியவரின் புனைபெயர், எதற்கு எது மறுமொழி என்ற வரிசை மூன்றும் குலையக்கூடாது. பழைய முகவரிகளே தொடர்ந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளும் உயிரோடிருக்கும்.

*படங்கள்:* வேறு தளங்களில் ஏற்றி இணைத்த படங்களை இப்போதே உள்ளே கொண்டுவாருங்கள். 2017-ல் ஃபோட்டோபக்கெட் தன் விதிகளை மாற்றியபோது உலகெங்கும் எண்ணற்ற உரையாடல்களில் படங்கள் திடீரென மறைந்தன.

*வடிவம்:* மடல்களுக்கு எம்பாக்ஸ், வலைப்பக்கங்களுக்கு வார்க். இரண்டாவது, நூலகங்களும் பயன்படுத்தும் உலகத் தர வடிவம். தமிழ் எல்லாம் ஒருங்குறியில். மூலக் கோப்பு தனியே.

*படிகள்:* மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில். ஒரு படியை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்துக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

*பொறுப்பாளர்:* நீக்கக் கோரிக்கை வந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பது காப்பகத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அவருக்குப் பின் யார் என்பதும் இப்போதே முடிவாகட்டும்.

இன்றைய பேச்சு எங்கே போகிறது?

முந்தைய தலைமுறையின் குழுமங்களில் பல திறந்த வெளியாக இருந்தன. தேடுபொறி உள்ளே வந்தது, ஆவணக் காப்பாளரும் வந்தார். இன்று நம் பேச்சு வாட்ஸ்அப்பிலும் முகநூல் குழுக்களிலும் டிஸ்கார்டிலும் நடக்கிறது. உழவர்கள் பூச்சித் தாக்குதலுக்குத் தீர்வு கேட்பதும், மாணவர்கள் தேர்வுக்குத் தயாராவதும், புலம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர்ச் செய்தியை அலசுவதும் மூடிய அறைகளுக்குள்தான். அங்கே வெளியார் யாரும் வந்து நமக்காகப் பிரதியெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் காப்புப்படி எடுக்காமல் கைபேசி தொலைந்தால் பேச்சும் தொலையும்.

இந்த நிலையில் வேறு மாதிரியும் உலகில் இருக்கிறது. விக்கிப்பீடியா தன் கட்டுரைகள், உரையாடல் பக்கங்கள், திருத்த வரலாறு எல்லாவற்றையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுத் தொகுப்பாக வெளியிடுகிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அது உண்டு. நாளை அந்த அமைப்பே இல்லாமல் போனாலும், அங்கே நடந்த விவாதம் ஆயிரம் இடங்களில் இருக்கும். கேள்வி பதில் தளமான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் 2023-ல் இப்படிப்பட்ட வெளியீட்டை நிறுத்த முயன்றபோது, பங்களித்தவர்கள் எதிர்த்து நின்று மீண்டும் வெளியிட வைத்தார்கள். திறந்த உரிமத்தில் எழுதியிருந்ததால் அவர்களால் உரிமையோடு கேட்க முடிந்தது.

ஈழத்தில் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம், இதழ்களையும் பிரசுரங்களையும் துண்டறிக்கைகளையும்கூட எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. நூல் அளவுக்குத் துண்டறிக்கையும் சமூகத்தின் சாட்சி என்று புரிந்துகொண்டவர்களின் வேலை அது. அந்தப் பார்வையை இணையப் பேச்சுக்கும் நீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகமும், பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும், ஆய்வு நூலகங்களும் குழுமங்களின் தொகுப்பை நன்கொடையாக ஏற்கும் நடைமுறை ஒன்றை வகுக்கலாம். ஓர் எழுத்தாளரின் கடிதங்களை வாங்கிக் காக்கும் நூலகம், நானூறு பேரின் கடிதங்களை ஏன் வாங்கக்கூடாது?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மூடப்பட்ட ஒரு குழுமத்தில் நீங்கள் உறுப்பினராக இருந்திருந்தால், உங்கள் பழைய மின்னஞ்சல் கணக்கில் அந்த மடல்கள் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு குழுமத்தின் மடல்கள், அவற்றை மின்னஞ்சலில் பெற விரும்பிய எல்லா உறுப்பினருக்கும் போயின. ஆகவே யாகூ அழித்ததை, உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பழைய நண்பர்களுக்கு எழுதுங்கள். யாரிடம் எந்த ஆண்டு இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்றுமதி செய்து ஓரிடத்தில் சேருங்கள். எழுதியவர்களில் இருப்பவர்களிடம் சம்மதம் கேளுங்கள். மறைந்தவர்களின் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். இன்று உங்கள் ஊர்க் குழுவின் நிர்வாகியாக இருந்தால், இந்த மாதமே ஒரு பிரதி எடுங்கள். பேசியவர்கள் நாம். அதைக் காப்பதும் நம் வேலை.